நிலக்கரி சுமந்த விமானங்கள்



இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க விமானம் என்றதும் பி-17 குண்டுவீச்சு விமானமும், அதற்குக் காவலாகப் பெர்லின் வரை போய்த் திரும்பிய பி-51 மஸ்டாங்கும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கோ மூட்டை சுமந்த சி-47, சி-54 விமானங்கள் மீதுதான் மரியாதை அதிகம்.

போருக்குப் பின் பெர்லின் நகரை நான்கு நாடுகள் பங்கிட்டிருந்தன. 1948 ஜூனில் சோவியத் படை மேற்குப் பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தது. உள்ளே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மிச்சம் இருந்தது வான்வழி மட்டுமே.

சி-47 ஒரு தடவைக்குச் சுமார் 3 டன்தான் கொண்டுபோகும். போதவில்லை. நான்கு எஞ்சின் சி-54 வந்தது. 10 டன் சுமக்கும். மாவு, பால் பவுடர் போனது உண்மைதான். ஆனால் சுமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி! குளிர் நாடாயிற்றே, அடுப்பும் மின் நிலையமும் எரிய வேண்டாமா? முதல் முயற்சியில் இறங்க முடியாத விமானம் வட்டமடிக்கக் கூடாது. சுமையோடு திரும்பிவிட வேண்டும். அந்த ஒழுங்கினால்தான் 1949 ஏப்ரலில் ஒரே நாளில் ஏறக்குறைய 1,400 நடைகள் முடிந்தன.

ஹால்வர்சன் என்ற விமானி கைக்குட்டையில் பாராசூட் கட்டிக் குழந்தைகளுக்கு மிட்டாய் போட்டார். நான்கு வருடம் முன்பு அதே வானத்திலிருந்து குண்டு விழுந்ததைப் பார்த்த குழந்தைகள் அவர்கள்.

விபத்துகளில் அமெரிக்கர் மட்டும் 31 பேர் இறந்தனர். 1949 மே 12 அன்று பாதை திறந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. செப்டம்பர் வரை விமானங்கள் மூட்டை சுமந்துகொண்டே இருந்தன.