சிம்பன்சியைப் பார்க்க மாஸ்க் எதுக்கு? டாங்கனிக்கா ஏரிக்கரை பயணத்துக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் நம்ம மனசுல வர்றது ஜீப், சிங்கம், வரிக்குதிரைக் கூட்டம். ஆனா அதே தான்சானியாவின் மேற்கு எல்லையில், ஜீப் ஓட சாலையே இல்லாத இரண்டு தேசியப் பூங்காக்கள் இருக்கு. படகில் போய் இறங்கி, மலை ஏறி, நடந்துதான் விலங்குகளைப் பார்க்கணும்.

அங்கே பார்க்கப் போவது சிம்பன்சிகளை. அப்போது முகத்தில் மாஸ்க் கட்டாயம். அவற்றிடமிருந்து நம்மைக் காப்பாற்ற மட்டும் இல்லை. நம்ம சாதாரண சளிக்காய்ச்சல் அவற்றின் உயிரையே எடுத்துவிடும் என்பதுதான் முக்கியக் காரணம்.

டாங்கனிக்கா ஏரிக்கரையில் என்ன இருக்கு? அதன் வரலாறு என்ன? போறவங்க என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது? விளக்கமாகப் பார்க்கலாம்.

ஏரி எங்கே இருக்கு?

தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளுக்கும் பொதுவான ஏரி இது. வடக்கு தெற்காக சுமார் 670 கி.மீ. நீளம். அதிகபட்ச ஆழம் சுமார் 1,470 மீட்டர். ரஷ்யாவின் பைகால் ஏரிக்கு அடுத்து, உலகின் இரண்டாவது ஆழமான ஏரி இதுதான்.

தான்சானியா பக்கத்தில் இதன் முக்கியத் துறைமுகம் கிகோமா. ராத்திரியில் கரையிலிருந்து பார்த்தால் ஏரியில் வரிசையாக விளக்குகள் தெரியும். வெளிச்சத்தைக் காட்டி 'டகா' என்ற சின்ன மீனைப் பிடிக்கும் படகுகள் அவை. நம்ம ஊர் நெத்திலி மாதிரியே இதையும் வெயிலில் காயவைத்து விற்கிறார்கள்.

உஜிஜியில் நடந்தது என்ன?

கிகோமாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய ஊர் உஜிஜி. 19-ம் நூற்றாண்டில் யானைத் தந்தமும் அடிமைகளும் இந்தியப் பெருங்கடல் கரைக்குக் கொண்டு செல்லப்பட்ட வணிகப் பாதையின் உள்நாட்டு முனை இதுதான். காங்கோ பக்கம் பிடிக்கப்பட்டவர்கள் ஏரியைக் கடந்து, இங்கிருந்து 1,000 கி.மீ.க்கும் அதிகமான தூரம் நடத்திக் கூட்டிச் செல்லப்பட்டார்கள்.

1871-ல், பல ஆண்டுகளாகச் சரியான தகவல் இல்லாமல் இருந்த ஸ்காட்லாந்து பயணி டேவிட் லிவிங்ஸ்டனை, நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை அனுப்பிய ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி கண்டுபிடித்தது இந்த ஊரில்தான். அப்போது ஸ்டான்லி கேட்டதாகச் சொல்லப்படும் ஒற்றை வரிக் கேள்வி உலகப் புகழ் பெற்றது. ஆனா அவரது நாட்குறிப்பில் அந்தச் சந்திப்புக்கான பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கு. அதனால் அவர் உண்மையிலேயே அப்படிக் கேட்டாரா என்ற சந்தேகம் இன்றும் தொடர்கிறது.

அந்தச் சந்திப்புக்குச் சில மாதங்களுக்கு முன், காங்கோவின் நியாங்வே சந்தையில் அடிமை வியாபாரிகள் மக்களைச் சுட்டுக் கொன்றதை லிவிங்ஸ்டன் நேரில் பார்த்திருந்தார். மனம் உடைந்து உஜிஜிக்குத் திரும்பியவரைத்தான் ஸ்டான்லி சந்தித்தார். லிவிங்ஸ்டன் எழுதிய தகவல்கள் பிரிட்டனில் பெரிய அதிர்வை உண்டாக்கின. 1873-ல் சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டது.

சந்திப்பு நடந்த மாமரத்தடியில் இப்போது நினைவுச் சின்னமும் சின்ன அருங்காட்சியகமும் இருக்கு.

இதில் ஒரு இந்தியத் தொடர்பும் உண்டு. 1858-ல் பர்ட்டன், ஸ்பீக் என்ற இரு ஆங்கிலேயர்கள் இந்த ஏரிக்கு வந்தபோது அவர்களுடன் வந்தவர் சிதி முபாரக் பாம்பே. ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, விடுதலையான பிறகு ஆப்பிரிக்கா திரும்பியவர். அவரும் ஸ்பீக்கும் பேசிக்கொண்டது இந்துஸ்தானியில்! பின்னர் ஸ்டான்லியின் பயணத்திலும் அவர் இருந்தார்.

கோம்பே: ஜேன் குடாலின் காடு

கிகோமாவுக்கு வடக்கே சுமார் 16 கி.மீ. தொலைவில் இருக்கு கோம்பே தேசியப் பூங்கா. 1960 ஜூலையில், 26 வயது ஜேன் குடால் இங்கே வந்து இறங்கினார். அப்போது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. தனியாக ஒரு பெண் காட்டில் தங்க பிரிட்டிஷ் அதிகாரிகள் அனுமதிக்காததால், அவருடைய அம்மாவும் கூட வந்தார்.

அதே ஆண்டிலேயே, 'டேவிட் கிரேபியர்ட்' என்று அவர் பெயர் வைத்த ஆண் சிம்பன்சி, புல் தண்டைக் கரையான் புற்றுக்குள் விட்டுக் கரையான்களைப் பிடித்துத் தின்பதைப் பார்த்தார். சிம்பன்சிகள் குச்சியில் இலைகளை உருவி, கருவியாகத் தயார் செய்வதையும் கண்டார். கருவி செய்யத் தெரிந்த ஒரே உயிரினம் மனிதன்தான் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. 2025 அக்டோபரில் குடால் தன் 91-வது வயதில் மறைந்தார். கோம்பேயில் ஆய்வு இன்றும் தொடர்கிறது.

மஹாலே: மலையும் ஏரியும் சேரும் இடம்

கிகோமாவுக்குத் தெற்கே, படகில் பல மணி நேரப் பயண தூரத்தில் இருக்கு மஹாலே மலைகள் தேசியப் பூங்கா. பரப்பளவு சுமார் 1,600 சதுர கி.மீ. இங்குள்ள உயரமான சிகரம் ந்குங்வே, 2,462 மீட்டர். 1965-ல் ஜப்பானிய ஆய்வாளர் தோஷிசாதா நிஷிதா இங்கே ஆய்வைத் தொடங்கினார்.

மஹாலே சிம்பன்சிகளிடம் ஒரு தனிப் பழக்கம் உண்டு. இரண்டு சிம்பன்சிகள் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கோத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒன்றுக்கொன்று உடலைச் சுத்தம் செய்யும். கோம்பேயில் இந்த வழக்கம் இல்லை. ஒரே ஏரிக்கரை, ஒரே இனம், ஆனா பழக்கம் வேற. பழக்கவழக்கங்கள் பிறவியிலேயே வருவதில்லை, கூட்டத்துக்குள் பார்த்துக் கற்றுக்கொள்வதும் உண்டு என்பதற்கு இதை ஆய்வாளர்கள் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

மாஸ்க் ஏன் கட்டாயம்?

சிம்பன்சி நமக்கு மிக நெருங்கிய உறவு. அதனால் நமக்கு வரும் பல நோய்கள் அதற்கும் வரும். ஆனா நம்மிடம் பரவும் கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பு சக்தி அதனிடம் குறைவு. 1966-ல் கோம்பே சிம்பன்சிகளை போலியோ தாக்கியது. சில இறந்தன, சில கை கால் முடங்கின. 2006-ல் மஹாலேயில் ஃப்ளூ போன்ற சுவாச நோய் பரவி, சிம்பன்சிகள் பலியாயின.

கோம்பேயில் இருப்பதே சுமார் 100 சிம்பன்சிகள்தான். ஒரு தாய் சிம்பன்சி பொதுவாக ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரே நோயில் பத்து உயிர் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட ரொம்ப வருஷம் ஆகும்.

அதனால்தான் இந்தக் கட்டுப்பாடுகள்:

- சிம்பன்சிகள் அருகே இருக்கும்போது மாஸ்க் போடணும்.
- குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேணும். அது நம்ம பக்கம் வந்தா, நாம பின்வாங்கணும்.
- கண்ட பிறகு ஒரு மணி நேரம் மட்டுமே அனுமதி. சின்னக் குழுவாகத்தான் போக முடியும்.
- அதன் எதிரில் சாப்பிடக் கூடாது, காட்டில் எச்சில் துப்பக் கூடாது.
- சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தா போகவே கூடாது.

இங்கேதான் சிக்கலே. பல ஆயிரம் ரூபாய் கட்டி, இரண்டு மூன்று விமானம் மாறி, படகு ஏறி வந்தவருக்குக் காலையில் லேசா தொண்டை கரகரக்கும். சொன்னால் மலை ஏற விடமாட்டாங்க என்று மறைக்கத் தோணும். அந்த ஒருவர் மறைப்பதுதான் ஒரு முழுக் கூட்டத்துக்கும் ஆபத்து.

அப்போ சுற்றுலாவே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. பூங்காக்களைப் பாதுகாக்கும் செலவுக்குப் பயணிகள் கட்டும் கட்டணம் முக்கியமான வருமானம். உள்ளூர்க்காரர்களுக்கு வழிகாட்டி, படகோட்டி, சமையல் வேலை கிடைக்கிறது. கோம்பேயைச் சுற்றியுள்ள மலைகளில் விவசாயத்துக்கும் விறகுக்கும் மரங்கள் வெட்டப்பட்டு, ஒரு கட்டத்தில் பூங்கா பச்சைத் தீவு மாதிரி தனித்துப் போனது. 1994-ல் குடாலின் அமைப்பு சுற்றுவட்டாரக் கிராம மக்களோடு சேர்ந்து, கிராமக் காடுகளை மீட்கும் திட்டத்தைத் தொடங்கியது. காடு இருந்தால் தங்களுக்கும் லாபம் என்று மக்கள் உணர்ந்தால்தான் அது நிலைக்கும்.

போக நினைக்கிறீங்களா?

- எப்போ போகலாம்: மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஜூலைக்குப் பிறகு சிம்பன்சிகள் பெரும்பாலும் மலையின் கீழ்ப்பகுதிக்கு வருவதால் பார்ப்பது எளிது.
- எப்படிப் போவது: தார் எஸ் சலாமிலிருந்து கிகோமாவுக்கு விமானம், அங்கிருந்து படகு. 1,200 கி.மீ.க்கும் அதிகமான ரயில் பாதையும் உண்டு.
- பழைய கப்பல்: 1913-ல் ஜெர்மனியில் கட்டப்பட்டு, 1916-ல் மூழ்கடிக்கப்பட்டு, மீட்கப்பட்டு 1927 முதல் ஓடிய லியம்பா கப்பல் ரொம்பப் பிரபலம். ஆனா பழுதுபார்ப்புக்காக சில ஆண்டுகளாக நின்றிருந்தது. விசாரிக்காமல் அதை நம்பித் திட்டம் போடாதீங்க.
- தடுப்பூசி: கென்யா, எத்தியோப்பியா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போடணும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா தடுப்பு மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்க.
- குழந்தைகள்: இரு பூங்காக்களிலும் வயது வரம்பு உண்டு. டிக்கெட் எடுக்கும் முன்பே உறுதி செய்துக்கோங்க.
- கூடுதல் நாள்: சிம்பன்சிகள் தினமும் இடம் மாறும். ஒரே நாள் திட்டத்தோடு போனால் ஏமாற்றம் மிஞ்சலாம். உடம்பு சரியில்லை என்றால் ஓய்வெடுக்கவும் அந்தக் கூடுதல் நாள் உதவும்.

கடைசி நாளில் இருமல் வந்தாலும் பரவாயில்லை. உஜிஜி மாமரத்தடியும், ஏரியும் அங்கேயேதான் இருக்கும். அன்றைக்கு மலை ஏறாமல் இருப்பதுதான் அந்தச் சிம்பன்சிகளுக்கு நாம செய்யும் பெரிய உதவி.