மாண் தீவு டி.டி. பந்தயம்

மாண் தீவு டி.டி. (டூரிஸ்ட் டிராபி) என்பது பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மாண் தீவில் நடைபெறும் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஆகும். இதற்கெனத் தனி ஓடுதளம் இல்லை. மக்கள் அன்றாடம் சென்றுவரும் சாலைகளே சில மணி நேரம் அடைக்கப்பட்டுப் பந்தயப் பாதையாகின்றன.

தோற்றம்

பந்தயம் இத்தீவுக்கு வரச் சட்டமே காரணம். 1903ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரித்தானியாவில் வேகத்தை மணிக்கு 20 மைல் எனக் கட்டுப்படுத்தியது. பந்தயத்துக்காகச் சாலைகளை அடைக்கவும் அங்கு வழியில்லை. ஆனால் மாண் தீவுக்கு டின்வால்ட் என்னும் சொந்த நாடாளுமன்றம் உண்டு. அது 1904இல் சாலைகளை அடைக்க அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. முதலில் கார்கள் ஓடின. 1907 மே 28 அன்று முதல் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஒற்றை உருளை வண்டிகளின் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டியை ஓட்டிய சார்லி காலியர் மணிக்குச் சுமார் 38 மைல் சராசரி வேகத்தில் வென்றார்.

மலைப்பாதை

1911 முதல் ஸ்னேஃபெல் மலைப்பாதை பயன்பட்டது. ஒரு சுற்று சுமார் 60.7 கிலோமீட்டர், வளைவுகள் 200க்கும் மேல். வீரர்கள் 10 விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படுவர். குறைந்த நேரத்தில் முடிப்பவரே வெற்றியாளர். 1957இல் பாப் மெக்கின்டயர் முதன்முதலாக 100 மைல் வேகச் சுற்றை ஓட்டினார். 2023இல் பீட்டர் ஹிக்மன் 136 மைலைக் கடந்தார்.

உயிரிழப்புகள்

வேகம் மூன்றரை மடங்கு ஆனது. சாலையோரக் கற்சுவர்களும் வீடுகளும் கம்பங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இப்பாதையில் இதுவரை 250க்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். 1972இல் இத்தாலிய வீரர் ஜில்பெர்ட்டோ பார்லோட்டி இறந்தபின், 10 முறை இங்கு வென்ற ஜியாகோமோ அகோஸ்டினி மீண்டும் இங்கு ஓட்ட மறுத்தார். 1976க்குப் பின் இப்பந்தயம் உலகச் சாம்பியன் போட்டித் தொடரிலிருந்து நீங்கியது. 2022 பந்தய விபத்துகள் 6 உயிர்களைப் பறித்தன.

வட அயர்லாந்தின் டன்லப் குடும்பம் இதன் இரு பக்கங்களையும் கண்டது. 26 முறை வென்ற ஜோயி, 2000இல் எஸ்டோனியாவில் சாலைப் பந்தயத்தில் இறந்தார். அவருடைய தம்பி ராபர்ட் 2008இலும், ராபர்ட்டின் மகன் வில்லியம் 2018இலும் வேறு சாலைப் பந்தயங்களுக்கான பயிற்சி ஓட்டத்தில் இறந்தனர். ராபர்ட்டின் மற்றொரு மகன் மைக்கேல் 2024இல் பெரியப்பாவின் சாதனையை முறியடித்தார்.

வீரர்கள் ஆபத்தை அறிந்தே விரும்பி வருகின்றனர் என்பது ஆதரவாளர்களின் வாதம். ஊர் மக்களின் போக்குவரத்துக்கு அமைந்த சாலையை எவ்வளவு பாதுகாத்தாலும் அது ஓடுதளம் ஆகாது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.