கட்டில் எப்படி மாடி ஏறியது?

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் உப்பரிகை மாளிகையில் ஒரு கட்டிலைப் பார்த்திருப்பார்கள். 64 வகை மூலிகை மரங்களால் செய்தது, டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 1741ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்று, 1753ல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை செய்துகொண்டவர்கள் அவர்கள். அதனால் பரிசுக் கதையும் பொருந்தத்தான் செய்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் மரத்தின் மருத்துவ குணத்தைப் பற்றிக் கேட்பார்கள். எனக்குத் தோன்றுகிற கேள்வி வேறு. தலையைக் குனிந்து, ஒருவர் பின் ஒருவராக ஏறவேண்டிய அந்தச் செங்குத்தான மரப்படிகளில் இத்தனை பெரிய கட்டில் எப்படி மேலே போனது?

பழைய மரக்கட்டில் எதற்கும் உள்ள பொதுவான விடைதான். கட்டில் கட்டிலாக ஏறவேண்டிய அவசியமில்லை. கால்கள் தனி, சட்டங்கள் தனி, பலகைகள் தனி. காலில் உள்ள துளைக்குள் சட்டத்தின் முளையைச் செருகி ஆப்பு வைத்து இறுக்கினால் அது கட்டில். ஆப்பைத் தட்டி எடுத்தால் மறுபடியும் வெறும் மரம். மரம் எந்தப் படியிலும் ஏறும்.

இன்றைக்கு இதே கேள்வி நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. கடையில் பணம் கட்டி வாங்கிய சோபா மினி லாரியில் வந்து இறங்குகிறது. நிலைக்குள் நுழையவில்லை. பொருளில் குறையில்லை, வாசலிலும் குறையில்லை. ரெண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் நஷ்டம் யாருக்கு? கேட்க சின்ன விஷயம் மாதிரி இருந்தாலும் இதற்குப் பின்னால் நானூறு வருட வரலாறு இருக்கிறது.

*

நாஞ்சில் நாட்டில் இந்தக் கேள்வி நெடுநாள் எழவே இல்லை. காரணம், செய்கிறவரும் வாசலும் ஒரே இடத்தில் இருந்தார்கள். வீட்டுக்கு நிலை வைத்த ஆசாரிதான் கட்டிலும் செய்தார், பெட்டியும் செய்தார். உளியும் இழைப்புளியும் கொண்டுவந்து வீட்டு முற்றத்திலேயே வேலை நடக்கும். தேக்கு, பலா, அயினி என்று வீட்டுக்காரர் அறுத்துப் போட்ட மரம். அளவு ஆசாரியின் கோலில் இருந்தது. இந்தப் பக்கத்துத் தச்சுமுறையில் ஒரு கோல் என்பது 24 விரல், இன்றைய கணக்கில் சுமார் 72 சென்டிமீட்டர். கதவுக்கும் அதே கோல்தான், கட்டிலுக்கும் அதே கோல்தான். இந்த ஊர்ப் பழைய வீடுகளின் வாசல் குனிந்து நுழையும்படி தாழ்வாக இருக்கும். அதை வைத்தவருக்கே அது தெரியாமல் போகுமா?

பத்தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் விளைகிற பூமி என்பதால் வசதியுள்ள வீடுகளில் எல்லாம் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பத்தாயம் இருந்தது. எந்த நிலை வழியாகவும் அது முழுசாக நுழையாது. நுழைய வேண்டியதும் இல்லை. பலகைகளைக் காடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அறைக்குள்ளேயே பூட்டிவிடுவார்கள். அறைக்குள் பிறந்து அறைக்குள்ளேயே வாழ்ந்து முடிகிற பொருள் அது. பொருந்தாமல் போனால் ஆசாரி மறுநாள் வந்து இழைத்துத் தருவார். வராமல் எங்கே போய்விட முடியும்? அதே தெரு, அதே குளம், அதே கோவில் கொடை. சட்டம் இருந்ததோ இல்லையோ, முகம் இருந்தது.

பட்டறையும் வாசலும் பிரிந்தபோதுதான் சிக்கல் வருகிறது. உலகம் முழுக்க இந்தப் பிரிவு நடந்தது. புத்திசாலித் தயாரிப்பாளர்கள் ஆசாரியின் பழைய உத்தியைத்தான் திரும்பக் கண்டுபிடித்தார்கள். 1859ல் வியன்னாவின் தோனெட் நிறுவனம் 14ஆம் எண் நாற்காலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், ரெண்டு நட்டுகள். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். 1956ல் ஸ்வீடனில் ஐகியாவின் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றினார் என்பது அந்த நிறுவனம் சொல்கிற கதை. நம்ம ஊர் ஆப்புக் கட்டிலின் தூரத்துச் சொந்தங்கள்தான் இதெல்லாம். ஆனால் சோபா அப்படி இல்லை. சட்டத்தின் மேல் நுரைப்பஞ்சை ஒட்டி, துணியை இழுத்து ஆணியடித்து முடித்துவிட்டால் பெரும்பாலான சோபாக்களைப் பிரிக்க முடியாது.

*

செய்கிறவரின் முகம் மறைந்த இடத்தில்தான் சட்டம் வந்து நிற்கிறது. ஆனால் அது ஆரம்பத்தில் வாங்குகிறவர் பக்கம் நிற்கவில்லை. 1603ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. லோபஸ் என்பவர் சாண்டலர் என்கிற பொற்கொல்லரிடம் 100 பவுண்டுக்கு ஒரு கல் வாங்கினார். விலங்குகளின் வயிற்றில் உண்டாகும் பெசோவார் கல், நம்மூர் கோரோசனை மாதிரி விஷமுறிவுக்கு ஆகும் என்று நம்பப்பட்டது. அது பெசோவாரே இல்லை என்று தெரிந்தது. நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் 'இது பெசோவார்' என்று சொன்னாரே தவிர, 'அதற்கு நான் உத்தரவாதம்' என்று சொல்லவில்லையாம். வாங்குகிறவன்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் காட்டப்படும் பழைய உதாரணம் இது.

அங்கிருந்து வெகுதூரம் வர முந்நூறு வருடம் ஆனது. 1893ல் சால்மர்ஸ் எழுதிக்கொடுத்த பொருள் விற்பனைச் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. இந்தியாவில் 1872ன் ஒப்பந்தச் சட்டத்துக்குள் ஓர் அத்தியாயமாக இருந்த விற்பனை விதிகள், அந்த ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி 1930ல் தனிச்சட்டமாயின. அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம்; நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் ஒரு அரசு, இந்தப் பக்கம் ஒரு அரசு. 1956 நவம்பர் 1ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழகத்தோடு சேர்ந்து குமரி மாவட்டம் ஆனது. இன்று நாகர்கோவில் கடைக்கும் சென்னைக் கடைக்கும் அந்த 1930ஆம் வருடச் சட்டம்தான்.

அதன் 16ஆவது பிரிவுதான் நம் சோபாவின் தலையெழுத்து. சுருக்கமாக இப்படி: பொருள் எதற்கு வேண்டும் என்பதை வாங்குகிறவர் விற்கிறவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தியாக வேண்டும். சொல்லில் இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அது உண்டு.

தெரியப்படுத்துவது என்றால் எவ்வளவு? மூன்று ஆங்கில வழக்குகள் இதை அழகாகக் காட்டுகின்றன. 1903ல் ஒருவர் மருந்துக்கடையில் வெந்நீர்ப் பை வாங்கினார். அது வெடித்து மனைவிக்குக் காயம். வெந்நீர்ப் பை எதற்கென்று தனியாகச் சொல்லவேண்டுமா என்று சொல்லி வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1939ல் ஒரு பெண் வாங்கிய கம்பளிக் கோட்டால் தோல் வெந்து போனது. அவருடைய தோல் மற்றவர்களைவிட மிகவும் மென்மையானது, அதைக் கடையில் சொல்லவில்லை. தோற்றார். 1925ல் ஒருவர் வசதியாகச் சுற்றுலா போக ஒரு கார் வேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் புகாட்டியைக் காட்டினார். அது அதற்கு லாயக்கில்லை. பெயர் குறிப்பிட்டு வாங்கிய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று கடை வாதாடியது. கடைக்காரரின் யோசனையை நம்பித்தானே அந்தப் பெயரையே தேர்ந்தெடுத்தார் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது.

நம் வாசலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சோபா உட்காருவதற்கு என்பது வெந்நீர்ப் பை மாதிரி, சொல்ல வேண்டாம். உங்கள் நிலை 29 அங்குலம் என்பது அந்த மென்மையான தோல் மாதிரி, சொன்னால்தான் தெரியும். அதோடு, பெயரும் மாடலும் மட்டும் குறிப்பிட்டு வாங்கினால் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கு இங்கிலாந்தில் 1973ல் நீக்கப்பட்டது. நம் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. அதனால் அளவைச் சொல்லி, 'போகுமா?' என்று கேட்டு, பதில் வாங்குவது நமக்குக் கூடுதல் முக்கியம்.

*

கோட்டாறு பக்கத்தில் என் சித்தி வீடு. பழைய வீடு, குறுகிய நடை. போன வருடம் 38,000 ரூபாய்க்கு ஒரு மூன்று பேர் சோபா பார்த்தார். பணம் கட்டுவதற்கு முன்னால் நிலையில் டேப் பிடித்துப் போட்டோ எடுத்து, கடையின் விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தம்பி, இது வழியாட்டு போவுமா?" என்று கேட்டிருந்தார். "தாராளமா போவும்க்கா" என்று குரல்பதிவு வந்தது. சோபா வந்தது. வண்டிக்காரர் ரெண்டு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம், "அண்ணாச்சி, இது நட வழியா போவாது. ஒண்ணு ஜன்னலைக் கழட்டணும், இல்லைன்னா இதுக்க காலை அறுக்கணும்" என்றார். சித்தப்பா வாளை எடுக்கவே போய்விட்டார்.

நான் அப்போது அங்கே இருந்தேன். அறுக்க வேண்டாம் என்றேன். அதற்கும் சட்டத்தில் காரணம் இருக்கிறது. பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குகிறவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது 41ஆவது பிரிவு. ஆனால் சொந்தக்காரர் மாதிரி அதில் கைவைத்தாலோ, வேண்டாம் என்று சொல்லாமல் நாள் கடத்தினாலோ ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்கிறது 42. காலை அறுத்த நிமிஷத்தில் சோபா நம்முடையது. 43ஆவது பிரிவு இன்னும் சுவாரசியம்: நியாயமாக நிராகரித்த பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை நமக்கு இல்லை, நிராகரித்தோம் என்று தெரிவித்தால் போதும். ரசீதில் 'வாசலுக்குப் பொருந்தவில்லை, ஏற்கவில்லை' என்று எழுதிச் சித்தி கையெழுத்துப் போட்டார்.

கடை மேலாளர் போனில், "வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு பில்லுலயே போட்டிருக்கு மேடம்" என்றார். சித்தி வாத்திச்சியாக இருந்தவர். "உங்க ஆளு போவும்னு சொன்னதும் போனுல கெடக்கு தம்பி" என்றார். குரல்பதிவையும் போட்டோவையும் இணைத்து, 16ஆவது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போனது. ரெண்டு வாரம் சோபா பிளாஸ்டிக் உறையோடு திண்ணையில் கிடந்தது, பூனை தூங்கியது. பிறகு வந்து எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்தார்கள். நுகர்வோர் ஆணையம்வரை போகவில்லை. போயிருந்தால் ஜெயித்திருப்போம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஒரு வழக்கு இருந்தது. அந்தப் பத்து வினாடிக் குரல் இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

*

ஆணையத்துக்குப் போவது முன்பைவிட இன்று எளிது. 1962 மார்ச் 15ல் கென்னடி அமெரிக்க காங்கிரசுக்கு நுகர்வோர் உரிமைகள் பற்றி அனுப்பிய செய்தி, 1985ன் ஐ.நா. வழிகாட்டுதல்கள், அடுத்து 1986 டிசம்பர் 24ல் நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் வருடச் சட்டம் 2020 ஜூலை 20ல் நடைமுறைக்கு வந்தது. பெங்களூர்க் கம்பெனியிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நாகர்கோவிலில் குடியிருப்பவர் நாகர்கோவிலிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. ரெண்டு வருடத்துக்குள் போகவேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது இந்தச் சட்டம். பில்லில் அச்சடித்த ஒரு வரி அதை ரத்து செய்துவிடாது. 2020ன் மின்வணிக விதிகளும், விளம்பரத்தில் சொன்ன அம்சங்களுக்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. தளத்தில் 32 அங்குலம் என்று போட்டு 36 அங்குலம் வந்தால் நீங்கள் தாராளமாகச் சண்டை போடலாம்.

ஆனால் தளத்தில் சரியான அளவே இருந்து, நீங்கள் எதுவும் கேட்காமல் வாங்கி, வாசலில் சிக்கினால்? ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். உங்கள் அளவுக்கென்றே செய்த பொருளுக்கு அது பொருந்தாது. இந்தியாவில் அப்படிப் பொதுவான உரிமை இல்லை. கடையின் சொந்தத் திரும்பப்பெறும் கொள்கை என்னவோ அதுதான். 'பிரெண்ட்ஸ்' பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: மாடிப்படியில் சிக்கிய சோபா ரெண்டாக வெட்டுப்பட்டு, ராஸ் அதைக் கடைக்குக் கொண்டுபோய் நான்கு டாலர் கடைக்கடன் வாங்கி வருவார். சட்டம் இல்லாத இடத்தில் கிடைப்பது கிட்டத்தட்ட அதுதான்.

வாசலில் எது நுழையும் என்று கணக்குப் போடுவது அத்தனை லேசும் அல்ல. ஒரு அலகு அகலமுள்ள நடைக்கூடத்தின் செங்கோண வளைவில் திருப்பக்கூடிய மிகப்பெரிய பரப்புள்ள வடிவம் எது என்று 1966ல் லியோ மோசர் கேட்டார். கணிதத்தில் இதற்குப் பெயரே சோபா புதிர். 1992ல் கெர்வர் 2.2195 பரப்புள்ள ஒரு வடிவத்தைக் கொடுத்தார். அதைவிடப் பெரியது இல்லை என்று நிரூபிப்பதாகக் கொரியாவின் ஜினோன் பெக் 2024 நவம்பரில்தான் நூறு பக்கத்துக்கு மேல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவும் தட்டையான சோபாவுக்கு. நம் சோபாவுக்கு உயரமும் உண்டு, நம் வீட்டுக்குப் படிக்கட்டும் உண்டு. அம்பத்தெட்டு வருடம் கணிதம் யோசித்த விஷயத்தை, மாதச் சம்பளத்தில் சோபா வாங்குகிற ஒருவர் போனில் படம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. தினமும் சோபா ஏற்றி இறக்குகிறவர் கடைக்காரர்தான். கணக்கு அவருக்குத்தான் தெரியும். 16ஆவது பிரிவு கேட்பதும் அந்த அனுபவத்துக்கான பொறுப்பைத்தான்.

ஆகவே அடுத்த முறை வாங்கும்போது, கதவைத் திறந்து வைத்தபின் மிஞ்சுகிற இடைவெளியை அளங்கள். நிலையின் வெளியளவு உதவாது. லிப்ட், படிக்கட்டுத் திருப்பம், வீட்டுக்குள் இருக்கிற வளைவு எல்லாவற்றையும் அளந்து படத்தோடு அனுப்புங்கள். 'இதற்குள் நுழையுமா?' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தபிறகு பணம் கட்டுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கடையாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். இல்லையென்றால் ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்கள், நாகர்கோவிலில் இன்னமும் வருவார்கள். அவர் முதலில் கேட்பது உங்கள் நிலையின் அளவாகத்தான் இருக்கும்.