தாய்ப்பத்திரம் இல்லாத வீடு

கொல்லிமலையில், வளவந்தி நாட்டில், எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. தாத்தா கட்டியது. மண்சுவர், நாட்டு ஓடு, வாசலில் ஒரு பலா, பின்னால் மிளகுக்கொடி ஏறிய நான்கு சில்வர் ஓக் மரங்கள். மூன்று வருடமாக அதை விற்கப் பார்க்கிறேன். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சம்மதம்தான். என் பங்குக்கு வருகிற பணத்தை முன்பணமாகக் கட்டி ஓசூரில் ஒரு ஃபிளாட் வாங்கவேண்டும் என்பது திட்டம். பெங்களூரில் எட்டு வருடமாக வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இது பேராசை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டைப் பார்க்க ஆட்கள் வராமல் இல்லை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஈரோட்டுக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். சுற்றுலா வருகிறவர்கள் தங்க விடுதி போல நடத்தலாம் என்று அவருக்கு எண்ணம். பலாமரத்தடியில் நின்று ஒரு மணி நேரம் படம் எடுத்தார். விலையும் கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. காகிதங்களைப் பார்க்கத் தன் பத்திர எழுத்தரிடம் அழைத்துப்போனார். அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "தாய்ப்பத்திரம் எங்க தம்பி?"

"அது இல்லீங்க."

"உங்க தாத்தா யாருகிட்ட வாங்குனாரு?"

"யாருகிட்டயும் வாங்கல. அங்கயேதான் இருந்தாங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கையில் தாத்தா பெயரில் ஒரு நத்தம் பட்டா இருந்தது. 1975லிருந்து போட்டுப் பார்த்த வில்லங்கச் சான்று இருந்தது. அதில் ஒரு பதிவும் இல்லை. வில்லங்கம் இல்லாத சொத்து என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நினைத்தேன். என் தொழிலில் சுழியம் வேறு, 'தரவே இல்லை' என்பது வேறு. டேட்டாபேஸில் இரண்டையும் குழப்பினால் நிரல் தப்பான விடை கொடுக்கும். வங்கி எங்கள் வீட்டை இரண்டாவது வகையில் வைத்தது. வாங்குகிறவருக்குக் கடன் கிடைக்காது என்றார்கள். ஈரோட்டுக்காரர், "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று போனார்.

அன்று இரவு முழுக்க எனக்கு ஒரே கேள்விதான். ஒரு வீடு ஒருபோதும் விற்கப்படவில்லை என்பது எப்படி அதன் குறையாகிறது?

கொல்லிமலை கைமாறாத மலை அல்ல. சங்க இலக்கியம் காட்டுகிற கொல்லி வல்வில் ஓரியுடையது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இந்த மலையைப் பற்றி நமக்குத் தெரிந்த முதல் உரிமை மாற்றம் ஒரு கொலை. கிரயம், சாட்சி, எல்லைக்கல் ஒன்றும் அதில் இல்லை. அரசர்களுக்கிடையே மலை இப்படி மாறியது. குடிகளுக்கிடையே மாறிய விதம் வேறு. எங்கள் மலையாளிப் பெரியவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் கதையைச் சொல்வார்கள். ஆளுக்கொரு மலையில் ஏறிக் குடியமர்ந்தார்களாம். கதை வரலாறாகுமா என்பது தனி விவாதம். ஆனால் நிலம் எப்படி வந்தது என்பதற்கு அந்தக் கதை சொல்லும் விடை முக்கியம்: வந்தோம், காட்டைத் திருத்தினோம், இருந்தோம். வாங்கினோம் என்ற சொல் அதில் எங்குமே வராது.

காகிதம் இந்தப் பக்கம் வந்தது 1792க்குப் பிறகு. திப்புவோடு போட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவன் ஒவ்வொருவனோடும் நேரடியாக வரி பேசும் முறையை இங்கேதான் பழகினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவியது அதுதான். அந்த முறையின் சீட்டுதான் பட்டா. இந்த நிலத்துக்கு நீ இவ்வளவு கட்டவேண்டும் என்று சர்க்கார் குடியானவனுக்குக் கொடுத்த கணக்கு. இன்றுவரை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதையே: பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது. இருநூறு வருடமாக நாம் பீரோவில் பூட்டி வைப்பது ஒரு வரி ரசீதின் பேரப்பிள்ளையை!

உரிமைக்கான காகிதம் வேறு வழியில் வந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்றால் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றது. அதற்குக் கீழே என்றால் இடத்தைக் கையில் ஒப்படைத்தாலே போதும். அந்தக் காலத்து நூறு ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள். சமவெளியில் நஞ்சை வாங்கியவன் பத்திரம் எழுதினான். மலையில் சாமைக்காட்டைப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்தவனுக்கு வெற்றிலை போதுமாயிருந்தது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிய வீட்டுக்கு அதுவும் தேவைப்படவில்லை. எனவே காகிதம் இல்லாதது எங்கள் அலட்சியம் அல்ல. சட்டமே அனுமதித்த ஒரு வாழ்க்கை அது. 1979லிருந்து 1987வரை தமிழ்நாடு முழுக்க நிலப்பதிவேடுகளைப் புதுப்பித்தார்களே, இன்றும் கிராமத்தில் யுடிஆர் என்பார்கள், அப்போதும் கேட்டது அனுபவத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. தாய்ப்பத்திரம் இருந்தாலும், ஈரோட்டுக்காரருக்கு விற்கத்தான் வேண்டுமா?

ஆந்திராவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே பட்டியல் பகுதிகளில் 1959ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தை 1970இல் இறுக்கி, பழங்குடி அல்லாதவர் நிலம் வாங்குவதையே தடுத்துவிட்டார்கள். பழங்குடி அல்லாத ஒருவர் விற்றாலும் பழங்குடிக்குத்தான் விற்கலாம். 1988இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை. பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலங்களுக்குத் தடை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் கிடைக்கிற உரிமை வாரிசுக்கு இறங்கும், விற்க முடியாது. மற்றபடி ஆந்திராவைப் போல மொத்தமாகத் தடுக்கும் சட்டம் இங்கே இல்லை.

இதை மாமா ஒருவரிடம் சொன்னேன். "அந்தச் சட்டம் இங்க வந்தா நல்லதுதான். ஆனா உன் வீட்டுக்கு என்ன வெல கெடைக்கும்? நான் வாங்குவனா? எங்கிட்ட ஏது காசு?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. விற்க முடியாத நிலம் பறிபோகாது, அதே சமயம் கடனும் வாங்கித் தராது. மலை மலைக்காரனிடமே இருக்கவேண்டும் என்று கூட்டத்தில் பேசுகிறவனும் நானே, அதிக விலை சொல்லும் சமவெளிக்காரரின் போனுக்குக் காத்திருக்கிறவனும் நானே. இரண்டையும் ஒரே ஆள் செய்யலாமா என்று கேட்டால் பதில் வைத்திருக்கவில்லை.

ஈரோட்டுக்காரர் நான்கு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். கடன் இல்லாமல் கைக்காசிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும்.

வாரிசுகள் யார்? அப்பா, சித்தப்பா. அத்தை? பெண்களுக்குச் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் திருத்தியது இந்து வாரிசுரிமைச் சட்டத்தை. அந்தச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு அறிவித்தாலன்றி இது பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பழங்குடிப் பெண்ணுக்கு இந்த உரிமையை மறுக்க நியாயமில்லை, சட்டத்தைத் திருத்துவதை அரசு பரிசீலிக்கட்டும் என்று சொன்னது. எங்கள் வழக்கத்தையும் பண்பாட்டையும் காப்பாற்ற வைத்த வேலி, அத்தையை வெளியே நிறுத்திவிட்டது. எங்கள் குடும்ப வழக்கப்படி அவருக்குப் பங்கு இல்லை. பத்திர எழுத்தர் சுருக்கமாகச் சொன்னார்: "அந்தம்மாவுக்குப் பாத்தியம் இல்ல. எதுக்கும் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிருங்க, நாளைக்கு வில்லங்கம் வராது."

மாமா இறந்தபின் பதினோரு வருடமாக அந்த வீட்டில் இருப்பது அத்தைதான். ஓடு மாற்றுவது, மிளகு பறிப்பது, கூரையில் குரங்கு விரட்டுவது எல்லாம் அவர். ஓசூர் ஃபிளாட்டில் உங்களுக்கும் ஒரு அறை என்று சொல்லிவிட்டு, கையெழுத்து விஷயத்தை மெல்ல ஆரம்பித்தேன். அத்தை கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"போடறேன் கண்ணு. எனக்குப் பங்கு இல்லைன்னுதான அப்பலருந்து எல்லாரும் சொல்றீங்க. இல்லாததை எப்படிச் சாமி விட்டுக்குடுக்கறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். விடுதலைப் பத்திரம் என்றால் என் பாத்தியத்தை விடுகிறேன் என்று எழுதவேண்டும். அவர் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறதென்றால் அவருக்குப் பங்கும் இருக்கிறது. பங்கு இல்லையென்றால் கையெழுத்து எதற்கு? இருநூறு வருடச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போன எனக்கு அந்தத் திண்ணையில் பதில் இல்லை.

போன தை மாதம் பத்திரம் பதிந்தோம். கிரயப் பத்திரம் இல்லை, பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் சம பாகம். வீடு இருக்கும் பகுதி அத்தைக்கு. சித்தப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அவருக்கும் கடன் இருக்கிறது, அவர் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஈரோட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். வீடு இல்லாமல் வெறும் இடம் வேண்டாம் என்றார். ஓசூரில் கொடுத்திருந்த முன்பதிவுத் தொகையில் பிடித்தம் போகத் திருப்பி வாங்கினேன். பெங்களூரில் இந்த வருடமும் வாடகை ஏறியிருக்கிறது.

சென்ற வாரம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். முதல்முறையாக ஒரு வரி வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அதுதான் தாய்ப்பத்திரம். அச்சுப் பிரதியை அத்தைக்கு அனுப்பினேன். பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதாகவும், பலா இந்த வருடம் நன்றாகக் காய்த்திருப்பதாகவும் போனில் சொன்னார்.