வாயிலும் வருகையும்: குழந்தை வழிகாட்டு நிலையங்களின் தோற்ற வரலாறு குறித்த சில குறிப்புகள்

முன்னுரை

குழந்தைகளுக்கும் இளையோருக்குமான சமூக மனநல நிலையங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மருத்துவர்களின் கோட்பாடுகளிலிருந்தே தொடங்கியுள்ளனர். ஃபிராய்டின் செல்வாக்கு எவ்வளவு, அறிவுத்திறன் சோதனைகளின் பங்கு எவ்வளவு, மருத்துவருக்கும் உளவியலாளருக்கும் இடையே எழுந்த தலைமைப் போட்டி எத்தகையது என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். இவை தேவையானவையே. ஆயினும் அந்நிலையத்தின் படியேறி வந்தவர் யார், அவரை அழைத்து வந்தவர் யார், வந்தபின் எந்த அறையில் யார் அமர்த்தப்பட்டார் என்னும் எளிய வினாக்கள் அவற்றின் நிழலில் மறைந்துபோயின. நிலையம் குழந்தையிடம் எதனைக் கண்டது என்பதைக் கோட்பாட்டைக் காட்டிலும் குழந்தை வந்த வழியே மிகுதியாகத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

நீதிமன்றத்தின் வழியே

1899இல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் அமைந்தது. தண்டிப்பதற்கு மாறாகத் திருத்துவதே அதன் நோக்கம் எனப்பட்டது. ஆனால் ஒரே குழந்தை மீண்டும் மீண்டும் அம்மன்றத்தின் முன் நின்றபோது, திருத்துவதற்கு முன் காரணம் அறிய வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. எதெல் ஸ்டர்ஜஸ் டம்மர் என்னும் செல்வந்தப் பெண்மணி ஐந்தாண்டுகளுக்குப் பொருளுதவி வழங்க, 1909இல் சிறார் உளநோய் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. நரம்பியல் மருத்துவரான வில்லியம் ஹீலி அதன் இயக்குநர் ஆனார்.

ஹீலியின் முறையில் இரண்டு கூறுகள் கருதத்தக்கவை. குற்றத்திற்கு ஒற்றைக் காரணம் தேடுவதை அவர் மறுத்தார். உடல்நிலை, குடும்பம், பழகுவோர், அறிவுத்திறன் ஆகிய அனைத்தையும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஆராய்ந்தார். 1915இல் வெளிவந்த ‘தி இண்டிவிஜுவல் டெலின்குவன்ட்’ என்னும் நூலின் தலைப்பே இதைக் காட்டும். இரண்டாவதாக, குழந்தை தன் கதையைத் தானே சொல்லக் கேட்பதை ஆய்வின் ஒரு பகுதியாக்கினார். எனினும் அக்கதையைச் சொல்லும் குழந்தைக்கு நீதிமன்றத்தின் தீர்ப்பு காத்திருந்தது என்பதை மறந்துவிடலாகாது. தீர்ப்புக்காகக் காத்திருக்கும் ஒரு சிறுவன் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் நோயின் அறிகுறிகள் மட்டுமல்ல, தற்காப்பும் ஆகும். 1917இல் ஹீலி பாஸ்டனுக்குச் சென்று, அகஸ்டா பிரானருடன் ஜட்ஜ் பேக்கர் நிறுவனத்தை நடத்தினார். மறைந்த சிறார் நீதிபதி ஒருவரின் பெயரையே அந்நிறுவனமும் தாங்கியது.

பள்ளியின் வழியே

1922இல் காமன்வெல்த் நிதியம் மாதிரி நிலையங்களை நிறுவத் தொடங்கியபோது சூழல் மாறியது. முதல் நிலையம் செயின்ட் லூயிஸில் அமைந்தது. குற்றத் தடுப்பே திட்டத்தின் தொடக்க நோக்கமாயினும், நாளடைவில் குற்றம் புரிந்த சிறுவனைவிட அடம்பிடிக்கும், அஞ்சும், படுக்கையை நனைக்கும், பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளே மிகுதியாக வரலாயினர். ‘குழந்தை வழிகாட்டுதல்’ என்னும் பெயரும் இக்காலத்திலேயே நிலைபெற்றது. நோய், குற்றம் ஆகிய இரண்டு சொற்களையும் தவிர்த்த இப்பெயர் பெற்றோரின் தயக்கத்தைக் குறைக்கும் உத்தியாகவும் பயன்பட்டது எனலாம்.

இம்முறை விரைவில் இங்கிலாந்தை அடைந்தது. 1927இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில், யூதர் சுகாதார அமைப்பின் முயற்சியால் இமானுவேல் மில்லர் தலைமையில் ஒரு நிலையம் தொடங்கியது. 1929இல் காமன்வெல்த் நிதியத்தின் துணையுடன் இஸ்லிங்டனில் இலண்டன் குழந்தை வழிகாட்டு நிலையம் வில்லியம் மூடியின் பொறுப்பில் திறக்கப்பட்டது. சமூகப் பணியாளர்களுக்கான மனநலப் பயிற்சியும் அதே ஆண்டில் இலண்டன் பொருளியல் பள்ளியில் தொடங்கியது.

நிலையத்தின் அன்றாட அமைப்பைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். மனநல மருத்துவர், உளவியலாளர், உளமருத்துவச் சமூகப் பணியாளர் ஆகிய மூவர் கொண்ட குழு அதன் அடித்தளம். குழந்தை ஓர் அறையில் உளவியலாளரின் சோதனைகளுக்கு விடையளிக்கும். பின்னர் மருத்துவருடன் பேசும் அல்லது விளையாடும். அதே வேளையில் தாய் மற்றோர் அறையில் சமூகப் பணியாளருடன் அமர்ந்திருப்பார். கருவுற்ற காலம், பிரசவம், பால்குடி மறந்த வயது, நடை பழகிய மாதம், கணவருடனான உறவு, தன் சொந்தக் குழந்தைப் பருவம் வரை அனைத்தையும் அவர் சொல்ல வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டிற்கும் சென்று வந்தார். ஆகவே வருகை என்பது இருவழிப்பட்டது: குடும்பம் நிலையத்திற்கு வந்தது, நிலையமும் குடும்பத்திற்குள் நுழைந்தது. இறுதியில் மூவரும் கூடிக் கலந்தாய்வு நடத்தினர். அதில் தாயோ குழந்தையோ இடம்பெறவில்லை.

தாயின் அறை

இவ்வமைப்பே தாயைக் குற்றவாளியாக்கியது என்பது கேத்லீன் ஜோன்ஸின் வாதத்தின் உட்கிடை. பாஸ்டன் நிறுவனத்தின் கோப்புகளை ஆராய்ந்து 1999இல் அவர் வெளியிட்ட நூல், தொல்லை தரும் குழந்தையின் காரணம் படிப்படியாகத் தாயின் மீது ஏற்றப்பட்டதை விரித்துரைக்கிறது. பிரிட்டனைப் பற்றி 2013இல் எழுதிய ஜான் ஸ்டீவர்ட் தொழில்முறைப் போட்டிகளுக்கும் அரசின் கல்விக் கொள்கைக்கும் கூடுதல் இடம் தருகிறார். இவ்விரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஆனால் இரண்டிலும் போதிய அழுத்தம் பெறாத எளிய உண்மை ஒன்றுண்டு: பகற்பொழுதில் குழந்தையை அழைத்து வரக்கூடியவர் பெரும்பாலும் தாயே. வேலைக்குச் சென்ற தந்தை கோப்பில் பிறர் வாய்மொழியாகவே இடம்பெற்றார். வந்தவரைப் பற்றிச் சான்று குவிந்தது. வராதவரைப் பற்றிக் குவியவில்லை. சான்று குவிந்த இடத்திலேயே காரணமும் கண்டறியப்பட்டது.

ஜான் பௌல்பி 1936 முதல் 1939 வரை இலண்டன் நிலையத்தில் கண்ட குழந்தைகளைக் கொண்டு 1944இல் வெளியிட்ட ‘நாற்பத்து நான்கு சிறார் திருடர்கள்’ என்னும் ஆய்வு இதற்குத் தக்க சான்று. திருடிய 44 பேரில் 14 பேரை அவர் ‘பாசமற்ற இயல்பினர்’ என வகுத்தார். அவர்களுள் 12 பேர் இளமையில் நீண்ட காலம் தாயைப் பிரிந்திருந்தவர். ஒப்பீட்டுக் குழுவின் 44 பேரில் அவ்வாறு பிரிந்தோர் இருவர் மட்டுமே. இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் ஒப்பீட்டுக் குழுவினரும் அதே நிலையத்திற்கு வந்த குழந்தைகளே. பிரிவு பற்றிய தகவல் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து பெறப்பட்டது. இயல்பை வகுத்தவரும் பிரிவை மதிப்பிட்டவரும் ஒருவரே. நிலையத்தின் வாயிலைத் தாண்டாத குழந்தைகள் இக்கணக்கில் இல்லை. 1951இல் உலக சுகாதார நிறுவனத்திற்காகப் பௌல்பி எழுதிய அறிக்கையின் வழியாக இக்கருத்து உலகெங்கும் பரவியது. 1972இல் மைக்கேல் ரட்டர் அதனை மறுமதிப்பீடு செய்யும் வரை பெருமளவு ஆட்சி செலுத்தியது. பௌல்பியின் ஆய்வைப் பயனற்றதென ஒதுக்குவோருடன் எமக்கு உடன்பாடில்லை. மருத்துவமனையிலும் விடுதியிலும் தனித்து விடப்பட்ட குழந்தைகளின் துயரத்தை உலகம் பொருட்படுத்தியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இடையில் போர் வந்தது. 1939 செப்டம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் குழந்தைகள். சிறு குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பதன் தீங்கைச் சுட்டி அவ்வாண்டு டிசம்பரில் பௌல்பி, மில்லர், வின்னிகாட் ஆகிய மூவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு மடல் எழுதினர். படுக்கை நனைத்தல் அதுவரை ஒரு வீட்டின் மறைவான சங்கடம். இப்போது அது நாடறிந்த நிர்வாகச் சிக்கலாயிற்று. தாய் உடன் வராத குழந்தைகளை நிலையத்தார் பெருந்தொகையாகக் கண்டதும் அப்போதுதான்.

பம்பாயும் சென்னையும்

இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு நிலையம் 1937இல் பம்பாயில், சர் தோராப்ஜி டாடா சமூகப் பணிப் பட்டப் பள்ளியின் சார்பில் அமைந்தது. அப்பள்ளியை முந்தைய ஆண்டில் தொடங்கி வைத்த கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் சிகாகோவில் பயின்றவர்; நாக்பாடாவில் உழைப்பாளர் குடியிருப்புகளிடையே பணியாற்றியவர். மாணவர் பயிற்சிக்களமாகவும் விளங்கிய இந்நிலையத்திற்குப் படிமம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதில் வியப்பில்லை.

வியப்புக்குரியது வேறொன்று. இந்தியாவில் சிறாருக்கெனத் தனி நீதிமன்றங்களுக்கு இடமளித்த முதல் சட்டம் 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். பம்பாய் 1924இல்தான் அத்தகைய சட்டத்தை இயற்றியது. சிகாகோவில் நீதிமன்றம் தோன்றிய பத்தாண்டில் அதனருகே நிலையம் எழுந்தது. சட்டத்தில் முந்திய சென்னைக்கு முதல் நிலையம் வாய்க்கவில்லை. அது சமூகப் பணிக் கல்வி தொடங்கிய நகரத்திற்குச் சென்றது. எனவே தமிழகத்தில் சிறார் மனநலத்தின் வரலாற்றைத் தேடுவோர் மருத்துவமனைக் கோப்புகளோடு நிற்கலாகாது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய நீதிமன்றங்கள், சான்றளிக்கப்பட்ட பள்ளிகள் ஆகியவற்றின் பதிவுகளையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். அவற்றில் குழந்தையை யார் கொண்டுவந்தார் என்னும் பத்தியே முதலில் பார்க்கத்தக்கது.