எங்கள் கிணறும் இரண்டு விருந்தினர் அறைகளும்: சுற்றுலாத்துறையில் சுழற்சிப் பொருளாதாரம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்குள் இரண்டு அறைகள் கட்டி உல்லாசப் பயணிகளுக்கு விடத் தொடங்கிய முதல் வருடமே, பக்கத்து வளவு மாமா வேலிக்கு மேலால் கூப்பிட்டு, "தம்பி, எங்கட கிணத்துத் தண்ணி மணக்குது" என்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மலக்கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. புதிய மலசலகூடக் குழியின் அடியைச் சீமெந்தால் பூசாமல் மண்ணோடு விட்டிருந்தோம். பிழை எங்களுடையது. மூன்று மாதம் அறைகளைப் பூட்டி வைத்தோம். சுழற்சிப் பொருளாதாரம் பற்றி நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அந்த மூன்று மாதங்களில்தான்.

வழக்கமான பொருளாதாரம் ஒரு நேர்கோடு. மூலப்பொருளை எடுக்கிறோம், பொருளாக்குகிறோம், பாவிக்கிறோம், எறிகிறோம். சுழற்சிப் பொருளாதாரம் அந்தக் கோட்டை வளைக்கப் பார்க்கிறது. கழிவே வராதபடி முதலிலேயே திட்டமிடுவது, பொருளைத் திருத்தி நீண்டகாலம் பாவிப்பது, மண்ணில் விளைந்ததை மண்ணுக்கே திருப்புவது ஆகியவை அதன் அடிப்படைகள். இந்தக் கருத்தை உலகளவில் பரப்பியவர்களில் எலன் மக்கார்தர் முக்கியமானவர். 2005இல் 71 நாட்களில் தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றியவர். படகில் ஏற்றிய பொருளுக்கு மேல் எதுவும் கிடைக்காது என்ற அந்த அனுபவமே அவரை இந்தப் பக்கம் திருப்பியது. 2010இல் இதற்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

எங்கள் சனத்துக்கு அந்தப் பாடம் 71 நாட்களில் முடியவில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தோம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். பின்னாளில் வன்னியில் பதுங்குகுழிக்கு மண்மூட்டை கட்டச் சேலைகளைக் கிழித்துத் தைத்தார்கள். இதையெல்லாம் காட்டி 'நாங்கள் அப்போதே சுழற்சிப் பொருளாதாரம் செய்தவர்கள்' என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது எங்கள் மேல் திணிக்கப்பட்ட இல்லாமை. பாதை திறந்த பிறகு சனம் புதுப் பொருட்களை ஆசையோடு வாங்கியதில் குறைகாணவும் முடியாது.

ஆனால் நிலம் மாறவில்லை. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படலமாக நிற்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். வெடிப்பும் துவாரமும் நிறைந்த கல் என்பதால் ஒரு வளவில் இறங்கியது அடுத்த வளவில் விரைவில் தலைகாட்டும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். நாங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இங்கே தண்ணீர் சுழற்சியில்தான் இருக்கிறது. ஒரு விடுதி அந்தச் சுழற்சிக்குள் எதை விடுகிறது என்பதே கேள்வி.

அதனால் முதலில் குழியை மூடி, அடியும் சுவரும் பூசிய தொட்டி கட்டினோம். செலவுதான்; இரண்டு அறையின் ஒரு வருட வருமானம் அதற்கே போனது. குளிக்கும் தண்ணீரைத் தனியாகப் பிரித்து வாழைக்கும் தென்னைக்கும் விட்டோம். கிணற்றடி வாழை என்று அம்மம்மா காலத்தில் இருந்ததுதான்.

அடுத்தது தண்ணீர்ப் போத்தல். நான்கு விருந்தினர், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று போத்தல் என்றால் மாதம் 360. வடிகட்டியும் கண்ணாடிப் போத்தலும் வாங்கினோம். சாப்பாட்டில் பெரிய வித்தை ஒன்றுமில்லை: காலையில் என்ன வேண்டும், எத்தனை பேருக்கு என்று முதல்நாள் இரவே கேட்டுவிடுகிறோம். மிஞ்சுவது மாமாவின் மாட்டுக்குப் போகிறது. கிழிந்த படுக்கை விரிப்பு துடைக்கும் துணியாகிறது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. இலங்கையில் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017இலும், 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சம்போ போன்ற சிறு பக்கற்றுகள் 2021இலும், ஒருதடவை பாவிக்கும் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு ஆகியவை 2023 ஒக்ரோபரிலும் தடைசெய்யப்பட்டன. லஞ்ச் சீற்றை இன்றும் கடைகளில் காண்கிறேன். அது வேறு கதை. நாங்கள் இடியப்பத் தட்டுக்கும் பெட்டிகளுக்கும் ஒழுங்கை முனையில் இருக்கும் அக்காவிடம் போனோம். போரில் கணவரை இழந்தவர். பனையோலை வேலையால் பிள்ளைகளைப் படிப்பித்தவர். பிளாஸ்ரிக் வந்த பிறகு கேட்பாரில்லை என்று பின்னுவதைக் குறைத்திருந்தார். நாங்கள் கடைக்காரர் கொடுக்கும் விலையை அல்ல, அவர் சொன்ன விலையைக் கொடுத்தோம். பழசாகிப் பிய்ந்த பெட்டி வாழைக்கு அடியில் உக்குகிறது. விருந்தினர் கொடுத்த காசு ஊருக்குள் இன்னொரு கை மாறுகிறது.

பெரிய ஹொட்டல் அறைகளில் 'சுற்றாடலைக் காக்க உங்கள் துவாயை மீண்டும் பாவியுங்கள்' என்று ஓர் அட்டை இருக்கும். நல்லதுதான், ஆனால் அதில் முதலில் மிச்சமாவது ஹொட்டலின் சலவைச் செலவு. அங்கே தங்குபவர்கள் அந்த அட்டையை விட்டுவிட்டு, கழிவுநீர் எங்கே போகிறது, மரக்கறி யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

எங்களிடமும் தீராத ஒன்று இருக்கிறது. தொட்டி நிறைந்தால் பவுசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கே ஊற்றுவீர்கள் என்று சாரதியிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் மாமாவின் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கிறோம். இரண்டுக்குமான கட்டணத்தை அறைக் கணக்கிலேயே எழுதுகிறேன்.