கல்லை நாடியவையும் இரும்பை நாடியவையும்

தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். யுரேனியத்தினுடையது ஏறத்தாழ 19.1. பூமி உருகிய குழம்பாக இருந்த காலத்தில் இவ்விரண்டும் ஒருசேர அடியாழத்தில் சென்று படிந்திருக்க வேண்டும் என்றே நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. இன்று மேலோட்டுப் பாறை ஆயிரம் டன்னை அரைத்தால் தங்கம் சில கிராம்தான் தேறும். யுரேனியமோ கிலோக்கணக்கில் கிடைக்கும். நிகரான கனம் கொண்ட இரண்டில் ஒன்று மூழ்கியதும் மற்றொன்று மேலே நின்றதும் ஏன்? இதற்கு முறையான விடை கண்டவர் விக்டர் மோரிட்ஸ் கோல்ட்ஷ்மிட்.

1888ல் ஜூரிச்சில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வேதியியலாளரான தந்தைக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தபோது, 1901ல் நார்வே வந்தார். முதல் உலகப்போரில் இறக்குமதி தடைபட்டுத் தவித்த நார்வே அரசு, 1917ல் மூலப்பொருள் ஆய்வகத்தை அவரிடம் ஒப்படைத்தது. எந்தத் தனிமம் எங்கே கிடைக்கும் என்ற நடைமுறைத் தேவை, எது ஏன் எங்கே இருக்கிறது என்ற அடிப்படை வினாவாக வளர்ந்தது.

விண்கற்களிலும் உலோக உருக்காலைகளிலும் அவர் ஒரே ஒழுங்கைக் கண்டார். உலையில் உலோகம் அடியில் தங்குகிறது, கந்தகச் சேர்மங்கள் நடுவில் நிற்கின்றன, கசடு மேலே மிதக்கிறது. பூமியும் அத்தகைய ஓர் உலைதான். 1923ல் அவர் தனிமங்களை இரும்பை நாடுபவை, கந்தகத்தை நாடுபவை, கல்லை நாடுபவை, காற்றை நாடுபவை என நான்காக வகுத்தார். தங்கமும் பிளாட்டினமும் இரும்போடு கலந்து புவிக்கருவுக்குள் இறங்கின. யுரேனியமோ ஆக்ஸிஜனோடு பிணைந்து பாறையோடு தங்கிவிட்டது. இடத்தை முடிவு செய்தது எடையல்ல, உறவு.

பின்னர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அயனிகளின் அளவுகளைக் கணித்து, ஒரு படிகத்தில் எந்த அயனியின் இருக்கையில் எது அமர இயலும் என்பதையும் 1926ல் விளக்கினார். நம் காலடிப் பாறையின் கன அளவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆக்ஸிஜனே என்பதும் அப்போது தெளிவாயிற்று. திண்ணிய கல் என நாம் நம்புவது, பெரும்பாலும் கட்டுண்ட ஒரு வாயுத் தனிமம்தான்.

பிற கோள்களுக்கும் இவ்விதி பொருந்துகிறது. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலம், அதன் மேற்பரப்பில் இரும்பு குறைவாகவும் கந்தகம் மிகுதியாகவும் இருக்கக் கண்டது. ஆக்ஸிஜன் போதாத அக்கோளில் இரும்பு உலோகமாகவே தங்கி, மிகப் பெரிய கருவாகத் திரண்டுவிட்டது. செவ்வாயிலோ கணிசமான இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து பாறையிலேயே நின்றது. தனிமங்கள் அவையே, சேர்க்கையின் விகிதம் மாறியதால் உலகங்கள் வேறாயின.

தனிமங்களின் இருப்பிடத்தைச் சொன்ன மனிதருக்கு நிலையான இருப்பிடம் வாய்க்கவில்லை. 1929ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பேராசிரியரானவர், நாஜிகளின் யூத வெறுப்பு முற்றிய 1935ல் பதவியைத் துறந்து ஆஸ்லோ திரும்பினார். 1942ல் அங்கும் கைதானார். அவ்வாண்டு நவம்பர் 26ல் 500க்கும் மேற்பட்ட யூதர்களை ஆஷ்விட்சை நோக்கி ஏற்றிச்சென்ற டோனாவ் கப்பலின் துறையில், கடைசி நேரத்தில் அவர் வரிசையிலிருந்து விலக்கப்பட்டார். அவரது அறிவு பயன்படும் என்று கருதியே அந்த விலக்கு. அடுத்த மாதமே ஸ்வீடனுக்குத் தப்பி, பின் பிரிட்டன் சென்றார். சிறைவாசம் குலைத்த உடல் தேறவேயில்லை. 1946ல் ஆஸ்லோ திரும்பி, 1947ல் மறைந்தார். முடிக்காமல் விட்ட அவரது 'புவிவேதியியல்' நூல் 1954ல் வெளிவந்தது.

கருவுக்குள் மூழ்காத யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் பாறைக்குள் சிதைந்து தரும் வெப்பம், பூமி வெளிவிடும் உள்வெப்பத்தில் ஏறத்தாழ பாதி. கண்டங்கள் நகர்வதும் எரிமலைகள் கனல்வதும் அந்த வெப்பத்தின் துணையால்தான். நாம் போற்றிப் பூட்டிவைக்கும் தங்கத்துக்கு அவ்வேலையில் பங்கில்லை.